யூக்காவின் தண்டை அழுத்திப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு யூக்கா செடி வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் கீழ் இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கட்டை போல உறுதியாக இருந்தால் பயமில்லை. அடி இலை ஒன்றிரண்டு பழுத்து விழுவது யூக்காவின் இயல்புதான். விரல் அமுங்கி, புளித்த வாடை வந்தால் வேர் அழுகிவிட்டது. தினமும் தண்ணீர் என்கிறீர்களே, எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

தொட்டியில் வளர்க்கும் தடித்த தண்டு யூக்காவுக்கு மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் தாயகம். எல் சால்வடோரின் தேசிய மலரே அதன் பூதான். அங்கே அதை முட்டையோடு சமைத்துச் சாப்பிடுவார்கள். அந்தப் பக்கம் மழை நின்றால் மாதக்கணக்கில் வெயில். அதற்காகவே தண்டில் நீரைச் சேர்த்து வைக்கும் செடி இது. சிங்கப்பூரிலோ வறண்ட பருவம் என்று தனியாக ஒன்று இல்லை. காற்றிலும் ஈரம், தாழ்வாரத்தில் சாரல் வேறு. ஈரமண்ணில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும்.

தண்டு மெத்தென்று ஆகியிருந்தாலும் செடியைத் தூக்கிப் போடாதீர்கள். சுத்தமான கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. உள்சதை முழுக்க வெளிறித் தெரியும்வரை நிறுத்த வேண்டாம். வெட்டிய மேல்துண்டை நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு, தொட்டிமண்ணும் பெர்லைட்டும் (லேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) சரிபாதி கலந்து நடுங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். இடையில் பிடுங்கிப் பார்க்கக் கூடாது.

அப்புறம், நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு சத்தே குச்சியை (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி)த் தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டி வந்தால் ஊற்ற வேண்டாம். குச்சி காய்ந்து வந்தால், அடித்துளை வழியே வடியும்வரை தாராளமாக ஊற்றலாம். தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கும் ஆகாது, ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

வெயில் விழும் பக்கம் வையுங்கள், ஆனால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இலையைக் கடிக்க விடாதீர்கள். அதிலுள்ள சப்போனின் என்ற நச்சுப்பொருள் வாந்தியை உண்டாக்கும்.