பண்டா நெய்ராவுக்கு மூன்று நாள் போதுமா?

இந்தோனேசியாவின் மாலுக்கு மாகாணத்தில் உள்ள பண்டா நெய்ராவுக்கு மூன்று நாளில் போய்வர முடியுமா, அவ்வளவு அலைச்சலுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று நாள்தான் கையில் இருக்கிறது என்றால் போகாதீர்கள். மாகாணத் தலைநகர் அம்போனிலிருந்து விரைவுப் படகில் ஆறு மணி நேரம் ஆகும், அதுவும் கடல் மனது வைத்தால்தான். நான் திரும்ப வேண்டிய நாளில் அலை அதிகம் என்று படகை நிறுத்திவிட்டார்கள். கூடுதலாக இரண்டு நாள் தங்கினேன். ஊரை உண்மையில் பார்த்தது அந்த இரண்டு நாளில்தான்.

ஊரின் கதை ஜாதிக்காய்தான். 18ஆம் நூற்றாண்டு வரை உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய் ஏறக்குறைய முழுவதும் இந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தில் விளைந்தது. அதற்காக 1621இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கூன் படையோடு வந்து இறங்கினார். பல்லாயிரம் மக்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் 44 பேரின் தலையை வெட்டியது கூலிக்கு வந்த ஜப்பானிய வீரர்கள். ‘பரிகி ரந்தே’, அதாவது சங்கிலிக் கிணறு என்ற இடத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நான் போனபோது பக்கத்திலேயே பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, அவர்களுக்கு இல்லை.

1611இல் கட்டிய பெல்ஜிகா கோட்டைக்கு மாலையில் போங்கள். எதிரே குனுங் அப்பி எரிமலை நிற்கும். 1988இல் அது வெடித்துக் கடலுக்குள் ஓடிய குழம்பின் மேல் இப்போது பவளம் மண்டிக் கிடக்கிறது. முக்குளிக்கத் தெரியாதவர்கள்கூட மூச்சுக்குழாயோடு மிதந்து பார்க்கலாம். மலை ஏறலாம்தான், ஆனால் சரளைக்கல் வழுக்கி இறங்கும்போது முட்டி பெயர்ந்துவிடும். நான் பாதியில் திரும்பிவிட்டேன்.

இதே தீவுக்கூட்டத்தில் உள்ள ரூன் தீவை விட்டுவிடாதீர்கள். 1667 பிரேடா ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் இதன் மேலுள்ள உரிமையைக் கைவிட்டார்கள். பதிலுக்கு டச்சுக்காரர்கள் இன்றைய நியூயார்க்கில் உள்ள மன்ஹாட்டனைக் கைவிட்டார்கள். இன்று ரூனில் ஒரு மீனவ கிராமமும், பாயில் காயும் சிவப்பு ஜாதிபத்திரியும்தான். பாக்கெட்டில் ஒன்று போட்டு வந்தேன், சட்டை இன்னும் மணக்கிறது.

பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் துணை அதிபரான ஹட்டாவையும் முதல் பிரதமரான ஷாரீரையும் 1936 முதல் 1942 வரை டச்சு அரசு இங்கேதான் நாடு கடத்தி வைத்திருந்தது. ஹட்டா ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வீடு அப்படியே இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் மோசம், தவிர்த்துவிடுங்கள். செலவுக்கு ரூபியா நோட்டாகவே கொண்டுபோங்கள். திரும்பும் விமான டிக்கெட்டைப் படகு அம்போன் வந்து சேரும் நாளுக்கே போடாதீர்கள். என்னுடையது அப்படித்தான் வீணாய்ப் போனது.