தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்க என்ன வாங்கலாம்?

கேள்வி: 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோனோபிளாக் மோட்டார். மாடித் தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும்படி இஎஸ்பிஹோம் (வைஃபை போர்டில் ஏற்றும் மென்பொருள்), ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) வைத்து நானே செய்ய விரும்புகிறேன். 10 ஆம்பியர் ரிலே (போர்டு இயக்கும் சிறு சுவிட்ச்) போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: போதாது. மென்பொருள் இரண்டும் இலவசம். அதில் மிச்சமாகும் காசை மின்சாரப் பக்கம் தாராளமாகச் செலவிடுங்கள். ரிலே மேல் அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர், பல்பு, ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வழியும்.

அதனால் ரிலே 230 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டரை (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான கனமான ரிலே) மட்டும் இயக்கட்டும். மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். வாங்கும்போது ஏசி-3 (மோட்டார் சுமை) என்ற வரியில் 9 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். ஏசி-1 (ஹீட்டர் போன்ற சுமை) வரியில் இருக்கும் பெரிய எண் மோட்டாருக்கானது அல்ல. இந்தப் பகுதியின் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நீர்மட்டத்துக்கு, ஒலியலையால் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சார். அதன் கேபிள் 2.5 மீட்டர்தான், ஆகவே இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினி) போர்டு இரண்டு வேண்டும்: மாடியில் ஒன்று, மோட்டார் பக்கம் ஒன்று. தொட்டி நிறைந்தாலும் தண்ணீருக்கும் சென்சாருக்கும் 25 செ.மீ. இடைவெளி இருக்கும்படி மாட்டுங்கள். அதைவிடக் கிட்டே வந்தால் கண்டபடி அளவு காட்டும். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால், அளவை அனுப்பும் அதன் 'எக்கோ' பின்னும் (இணைப்பு முனை) 5 வோல்ட் அனுப்பும், இஎஸ்பி32 தாங்குவதோ 3.3 வோல்ட். அதைக் குறைக்க, எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போர்டுக்கு. போர்டின் அந்த பின்னிலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு. ரிலேவுக்கு 0, 2, 12, 15 பின்களைத் தவிருங்கள். போர்டு ஸ்டார்ட் ஆகும்போது இவற்றுக்கு வேறு வேலை உண்டு. 25 அல்லது 26 நல்லது.

இரண்டு போர்டும் வைஃபை வழியாகப் பேசுவதால், வைஃபை போனால் 'நிறைந்துவிட்டது' என்ற செய்தி கீழே வராது. இதற்கு இரண்டு காப்பு கட்டாயம். தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகுமென்றால், 35 நிமிடத்தில் தானாக ஆஃப் ஆகும் டைமரை மோட்டார் பக்கப் போர்டிலேயே எழுதுங்கள், ஹோம் அசிஸ்டென்டில் அல்ல. இன்னொன்று, தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (நீர் ஏறினால் மிதந்து கரன்ட்டைத் துண்டிப்பது). கான்டாக்டர் காயிலோடு சீரீஸாக இணையுங்கள். போர்டு உறைந்து நின்றாலும் அது துண்டித்துவிடும்.

சர்வர் (ஹோம் அசிஸ்டென்ட் ஓடும் கணினி) அணைந்திருந்தால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை போர்டு ரீஸ்டார்ட் ஆகி மோட்டார் நிற்கும். அது இஎஸ்பிஹோமின் இயல்பு, மாற்ற வேண்டாம்.

கேள்வி: சர்வருக்கு ராஸ்பெர்ரி பை (கையடக்கச் சிறு கணினி) வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 64 பிட் பழைய லேப்டாப், 4 ஜிபி ராம் போதும்; பேட்டரி நன்றாக இருந்தால் கரன்ட் போனாலும் ஓடும். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். ராஸ்பெர்ரி பையேதான் வேண்டுமென்றால் எஸ்எஸ்டியோடு வாங்குங்கள். ஓயாமல் எழுதி எழுதி மெமரி கார்டு தேய்ந்துவிடும்.

கேள்வி: கடையில் விற்கும் வைஃபை ஸ்மார்ட் சுவிட்சில் டாஸ்மோட்டா (கம்பெனி மென்பொருளுக்குப் பதில் ஏற்றும் இலவச மென்பொருள்) ஏற்றலாமா?

பதில்: உள்ளே இஎஸ்பி சிப் இருந்தால்தான். இப்போது பலவற்றில் பெக்கன் என்ற வேறு கம்பெனியின் சிப் வருகிறது. பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜிக்பீ (வைஃபை அல்லாத வேறு வயர்லெஸ் முறை) சுவிட்சும், அதோடு பேச சர்வரில் செருகும் யுஎஸ்பி டாங்கிளும் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை, ஹோம் அசிஸ்டென்டோடு இணைக்க ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருள் போதும். டாங்கிளை ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷனில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். முக்கியமாக, ஆர்டர் போடுமுன் எலக்ட்ரீஷியனிடம் சுவிட்ச் பாக்ஸைத் திறந்து நியூட்ரல் வயர் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இருக்காது.