சித்தி என்றாலே கெட்டவளா?

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. என் கணவரின் முதல் மனைவி இறந்துவிட்டார். அவருடைய மகளுக்கு இப்போது ஏழு வயது. என்னைச் ‘சித்தி’ என்று கூப்பிடுவாள், நன்றாக ஒட்டிக்கொண்டும் இருக்கிறாள். தினமும் தூங்கும் முன் கதை படித்துக் காட்டுவேன். ஹான்சல், கிரெட்டல் கதையில் ‘சித்தி’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘ஒரு பொம்பளை’ என்று மாற்றிப் படித்து வந்தேன். போன வாரம் அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “சித்தின்னா எல்லாரும் கெட்டவங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. “நேரமாச்சு, தூங்கு” என்று விளக்கை அணைத்துவிட்டேன். நல்லது கெட்டதைச் சொல்லித் தரும் கதைகள் என்கிறார்களே, இதுவா அந்த நீதி? புத்தகத்தை ஒளித்து வைத்துவிடட்டுமா?

பதில்: ஒளிக்காதீர்கள் சகோதரி. ஒளித்தால், அவள் கேட்ட கேள்விக்கு ‘ஆமாம்’ என்று நீங்களே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முதலில் உங்கள் மன பாரம் கொஞ்சம் குறையட்டும். இந்தக் கதையைத் தொகுத்த ஜெர்மானியர்களான கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் சித்தி இல்லை, பெற்ற தாய்தான். 1840-ல் வந்த பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஸ்னோ ஒயிட் கதையிலும் இதே கதைதான்: 1812-ல் பெற்ற தாய், 1819-ல் மாற்றாந்தாய். பெற்றவள் இப்படிச் செய்வாள் என்று எழுத அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஒரு தாயின் பழியைத் தூக்கி இன்னொருத்தியின் தலையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

ஒரே கதைக்கு ஒரே நீதிதான் என்றும் இல்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697-ல் எழுதிய பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ, அவளை ஓநாய் தின்பதோடு முடித்துவிட்டு, இனிக்க இனிக்கப் பேசுகிற ஓநாய்கள்தான் ஆபத்தானவை என்று கடைசியில் ஒரு பாட்டையும் சேர்த்தார். கிரிம் சகோதரர்களின் சிறுமியோ உயிரோடு வெளியே வருகிறாள், இனி அம்மா சொன்ன வழியை விட்டு விலக மாட்டேன் என்று நினைக்கிறாள். ஆக, நீதி என்பது சொல்பவர் ஒட்டுவதுதான். அதனால் கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று பரீட்சை வைக்காதீர்கள்.

சரி, ஹான்சல் கிரெட்டலில் குழந்தைக்கு என்னதான் இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசியில் வருகிறது. கதையின் தொடக்கத்தில் கிரெட்டல் அழுதுகொண்டே இருப்பாள். நிலா வெளிச்சத்தில் வெள்ளைக் கூழாங்கற்களைப் பொறுக்கி வழி வைப்பதும், “அழாதே” என்று தேற்றுவதும் அண்ணன்தான். பிறகு காட்டில் இருவரும் ஒரு சூனியக்காரியிடம் சிக்க, அவன் கூண்டில் அடைபடுகிறான். அடுப்பு சூடாகிவிட்டதா என்று உள்ளே போய்ப் பார்க்கச் சொல்கிறாள் சூனியக்காரி. “எப்படின்னு தெரியலையே” என்கிறாள் கிரெட்டல், கிழவி தலையை உள்ளே விட்டுக் காட்டியதும் தள்ளிவிடுகிறாள். எல்லோருக்கும் நினைவில் நிற்பது இதுதான். ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய தண்ணீர் குறுக்கிடும், பாலமோ படகோ இருக்காது. ஒரு வெள்ளை வாத்து வரும். அண்ணன் அதன் முதுகில் உட்கார்ந்துகொண்டு தங்கையையும் ஏறச் சொல்வான். அவள் மாட்டேன் என்பாள்: வாத்துக்குப் பாரமாகிவிடும், ஒவ்வொருவராகப் போவோம் என்பாள்.

இரண்டு முறை காட்டில் கைவிடப்பட்ட பிள்ளை, உதவ வந்த ஒரு வாத்தின் முதுகு வலிக்குமே என்று யோசிக்கிறாள். எந்த நீதிப் பாட்டும் இதற்குப் பக்கத்தில் வராது.

இன்னொன்றும் பாருங்கள். ஸ்னோ ஒயிட்டுக்கு வீட்டில் இடம் கொடுத்த ஏழு குள்ளர்களும் அவளுக்கு முன்பின் தெரியாதவர்கள்தான். ஹான்சலின் அப்பா பெற்ற அப்பாதான், ஆனாலும் பஞ்சத்தில் மனைவி பேச்சுக்குத் தலையாட்டினார். இந்தக் கதைகள் உறவு முறையைப் பார்த்து ஆளை எடை போடுவதில்லை, யார் என்ன செய்தார்கள் என்றுதான் பார்க்கின்றன. உங்கள் மகளுக்கும் அது புரியும். ஆனால் இந்த விளக்கமெல்லாம் உங்களுக்கு, அவளுக்கு இல்லை.

அவள் கேட்டது கதையைப் பற்றி மட்டும் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு அம்மாவை இழந்த குழந்தை. ‘நீங்களும் என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?’ என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கலாம். ஆகவே அந்தப் பேச்சை நீங்களே திரும்ப எடுங்கள். “அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குச் சட்டுனு பதில் வரல. அந்தக் கதையில வர்ற சித்தி செஞ்சது தப்பு. நான் உன்னை எங்கேயும் விட்டுட்டு வரமாட்டேன்” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், பதிலுக்கு வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம் அவள் கேட்கும்போது அதே கதையை, ‘சித்தி’ என்ற சொல்லை மாற்றாமல் படித்துக் காட்டுங்கள். வாத்து வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக.