வாசகர் கேள்வி பதில்: அம்மப்பாவின் மேசை மணிக்கூடு

கேள்வி: அம்மப்பா காலத்து ஆங்கில மேசை மணிக்கூடு ஒன்று எங்களிடம் இருக்கிறது. கறுப்பு மரப்பெட்டி, மேலே பித்தளைப் பிடி, முகப்பில் ஒரு பெயரும் லண்டன் என்றும் எழுதியிருக்கிறது. திறப்புப் போட்டு முறுக்கினால் இரண்டு மணித்தியாலம் ஓடி நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பற்றரி மெஷின் போடலாம், பித்தளையையும் மினுக்கித் தரலாம் என்கிறது ஒரு கடை. செய்யலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் பின்கதவைத் திறந்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்தகட்டில் கொடியும் இலையும் பூவுமாகச் செதுக்கியிருக்கிறதா? சுவரைப் பார்த்து நிற்கிற பக்கத்துக்கு ஒருவர் உளி பிடித்து நாள்கணக்கில் உழைத்திருக்கிறார். அந்தக் கோடுகள் மெல்லியவை, மினுக்க மினுக்கத் தேய்ந்து போகும், போனது போனதுதான்.

அப்புறம் உள்ளே கூம்பு மாதிரி ஒரு பித்தளைத் துண்டு, அதைச் சுற்றிப் புரியாக ஒரு பள்ளம், அதில் நரம்புக் கயிறு அல்லது சைக்கிள் செயினை மிக மெல்லியதாகச் சுருக்கியது போல ஒரு சங்கிலி இருக்கும். இதற்கு ஃபியூசி என்று பெயர். முழுதாக முறுக்கிய ஸ்பிரிங் பலமாக இழுக்கும், போகப்போகத் தளரும். பலம் இருக்கும்போது கூம்பின் ஒடுங்கிய பக்கத்தையும் தளர்ந்தபின் அகன்ற பக்கத்தையும் இழுக்க வைத்துவிட்டால், ஒருமுறை முறுக்கினால் ஓடுகிற எட்டு நாளும் சக்கரங்களுக்குப் போகிற விசை ஏறக்குறைய ஒரே அளவுதான். இந்தச் சங்கிலிகளை 1790 அளவில் இருந்து தென் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் ஊரில் பெண்களும் பிள்ளைகளும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்தார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு பற்றரி போட எப்படி மனம் வரும்?

நின்றுபோவதற்குக் காரணம் சிறியதாகவும் இருக்கலாம். காது கொடுத்துக் கேளுங்கள். டிக், டக் இரண்டுக்கும் இடைவெளி சமமாக இல்லாமல் நொண்டினால் மேசை சரிவாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டை வைத்துப் பாருங்கள். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டு டிக் டக் சத்தம் போடுகிற பொறியில் இரண்டு வகை உண்டு. ஆரம்பகால வேர்ஜ் வகைக்குச் சரிவு பெரிதாகப் படாது, பிறகு பலவற்றை அங்கர் என்ற வகைக்கு மாற்றிவிட்டார்கள், அது கொஞ்சம் சரிந்தாலும் நின்றுவிடும். சமமாகக் கேட்டும் நின்றால் பழைய எண்ணெய் பசையாகியிருக்கும், அதோடு உங்கள் பக்கத்துக் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? நீங்களே கழற்றாதீர்கள், முறுக்கிய ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும். மெக்கானிக்கல் மணிக்கூடு பார்க்கிற பழைய ஆளிடம் கொடுத்து, கழுவி எண்ணெய் மட்டும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மேசை மணிக்கூட்டுக்குப் பிடி எதற்கு? (வாசகர், தெஹிவளை)

பதில்: விலை அதிகம் என்பதால் பல வீடுகளில் ஒன்றுதான் இருந்தது, இரவில் படுக்கை அறைக்குத் தூக்கிப் போவார்கள். சிலவற்றில் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். நடுச்சாமத்தில் விழித்தால் மெழுகுதிரி ஏற்ற வேண்டாம், கயிற்றை இழுத்தால் கடைசியாக அடித்த மணியைத் திரும்ப அடிக்கும். முள் காட்டுகிற மணிக்கு ஏற்ப எத்தனை அடி என்று தீர்மானிக்கிற ராக் அடிப்பு முறையை 1676 அளவில் எட்வர்ட் பார்லோ என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார், அதனால் வந்த வசதி இது.

கேள்வி: முகப்பில் பெரிய பெயர் இருந்தால் நல்ல விலை போகுமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பெயரை மட்டும் நம்பாதீர்கள். விற்ற கடைக்காரரின் பெயராகவும் இருக்கும், பொய்ப் பெயராகவும் இருக்கும். 1713இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமான, லண்டனின் புகழ்பெற்ற மணிக்கூடு செய்பவர் தாமஸ் டொம்பியனின் பெயரை அவர் உயிரோடு இருந்தபோதே களவாகப் போட்டார்கள். தகடுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள், பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த பெயரும் ஆண்டும் சில நேரம் அங்கே கிடைக்கும்.