பிரம்மாண்டமான கற்பனைப் படங்களை விமர்சகர்கள் வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறார்களா?

வேண்டுமென்றே என்று எனக்குத் தோன்றவில்லை. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எல்லோரும் கொண்டாடும் படம்தான், ஆனால் அன்று கலவையான விமர்சனம். முயற்சியைப் பாராட்டிவிட்டு, இரண்டாம் பாதி குழப்பம், வன்முறை அதிகம், கிராபிக்ஸ் சுமார் என்று அடுத்த பத்தியிலேயே போட்டுத் தாக்கினார்கள்.

இதில் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரணக் குடும்பப் படத்துக்கு உலகம் ஏற்கெனவே நமக்குத் தெரியும். கற்பனைப் படத்தில் அந்த உலகத்தின் விதிகளையே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், அதையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அன்று இரவே எழுதியாக வேண்டும் என்றால் என்ன செய்வது? முதல் பாதியில் மணலில் நடராஜர் நிழல் விழ, அந்த நிழலுக்குள்ளேயே ஓடித் தப்பிக்கும் காட்சி யாருக்கும் உடனே பிடித்துவிடும். இடைவேளைக்குப் பிறகு பார்த்திபன் சோழ மன்னனாக வந்து பழந்தமிழில் பேச ஆரம்பித்ததும், அதுவரை ஜாலியான சாகசப் படம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வேறு தியேட்டருக்குள் நுழைந்த மாதிரி இருந்திருக்கும். (எனக்கும் முதல் தடவை பாதி வசனம் புரியவில்லை.)

அப்புறம் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பலருக்கும் படம் பிடித்தது. 2021 கடைசியில் மறுபடி தியேட்டருக்கே வந்தது. அதற்காக அன்று எழுதியவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று சொல்வது ஓவர், கிராபிக்ஸ் இன்றும் சுமார்தான்.