கட்டிலுக்கு அடியில் காயும் துணி

கேள்வி: எனக்கு வயது 23. முதல் குழந்தை, சுகப்பிரசவம், தையல் போட்டிருக்கிறார்கள். இன்றோடு 24 நாள். கட்டும் துணியில் முதலில் ரத்தம் சிவப்பாகப் பட்டது, பிறகு பழுப்பாகி, வெளிர் மஞ்சளாகிக் குறைந்துவிட்டது. நான்கு நாளாக மறுபடியும் சிவப்பு கலந்து வருகிறது, கெட்ட நாற்றமும் அடிக்கிறது. அம்மா உயிரோடு இல்லாததால் புகுந்த வீட்டில்தான் இருக்கிறேன். "உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் போகட்டும், நல்லதுதான்" என்கிறார் மாமியார். எஸ்டேட் லைன் வீடு, இரண்டே அறை. மாமனாரும் கொழுந்தனும் இருப்பதால் துணியைக் கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டிக் காயப்போடுகிறேன். இந்த மழையில் காய இரண்டு மூன்று நாளாகிறது. இப்படிப் படுவது சாதாரணமா? எத்தனை நாள் இருக்கும்?
– வாசகி, பந்தலூர்

பதில்: மகளே, இந்தக் கடிதத்தை எழுதிய அன்றே நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் கிளம்பு. சாதாரணம் என்ற சொல்லை என்னிடமிருந்து எதிர்பார்த்திருப்பாய். நான்கு நாளாக நாற்றம் என்று எழுதியவளுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு படுவது அழுக்கு இல்லை. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் கருப்பைக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாக இருக்கும். அந்தப் புண் ஆறும்போது கசியும் ரத்தமும், கருப்பையின் உள்தோல் உரிந்து வருவதும், சளியும்தான் அது. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு, பத்துப் பன்னிரண்டு நாள் வரை இளஞ்சிவப்போ பழுப்போ, அதன் பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை. நாலு முதல் ஆறு வாரத்தில் நின்றுவிடும். பால் கொடுக்கும்போதும், காலையில் படுக்கையை விட்டு எழும்போதும் சற்றுக் கூடுதலாகப் படும். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் புண்ணின் பொருக்கு உதிரும்போது திடீரென்று சிவப்பாகப் படலாம், ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். உனக்கு அந்த நாளும் கடந்துவிட்டது, நான்கு நாளாக அடங்கவும் இல்லை. மாதவிலக்கின் வாடை இருந்தால் கவலையில்லை. கெட்டுப்போன மீன் போல அடித்தால் கருப்பையில் கிருமி ஏறியிருக்கலாம், நஞ்சின் துணுக்கு உள்ளேயே தங்கியிருக்கலாம். தையல் போட்ட இடம் சீழ் பிடித்தாலும் நாற்றம் வரும். எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது அந்தத் துணிக்கு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அப்படியென்றால் நாளைக்கு ஆறு துணி. காய மூன்று நாள் ஆகிறதென்றால் பதினெட்டுத் துணியாவது கையிருப்பு வேண்டும். இருக்கிறதா? இருக்காது. ஆக, ஒன்று ஒரே துணியை அரை நாள் வைத்திருக்கிறாய், அல்லது ஈரம் போகாததை எடுத்துக் கட்டுகிறாய். இரண்டும் தப்பு. காற்றும் வெளிச்சமும் படாத ஈரத்துணியில் கிருமியும் பூஞ்சையும் வளரும். அதைத் தையல் ஆறாத இடத்தில் வைத்துக் கட்டியிருக்கிறாய்.

குழந்தையின் துணி எங்கே காய்கிறது என்று நீ எழுதவில்லை. அடுப்புக்கு மேல் கொடியில் காயும், எல்லார் கண்ணிலும் படும், யாருக்கும் கூச்சம் இருக்காது. அந்தக் குழந்தையைப் பெற்றவளின் துணி மட்டும் ஏன் கட்டிலுக்கு அடியில்? யாருக்காக ஒளிக்கிறாய்? உன் மாமனாரையும் கொழுந்தனையும் பெற்றவர்களுக்கும் இப்படித்தான் பட்டது. பேர் வைக்க ஊரைக் கூட்டத் தெரிந்த குடும்பத்துக்கு, பச்சை உடம்புக்காரிக்கு ஒரு கொடி கட்டத் தெரிய வேண்டும். தாய் இல்லாத பெண்ணுக்குப் பேறுகாலம் பார்ப்பது மாமியாரின் கடமை. "போகட்டும்" என்று சொன்னதோடு அந்தக் கடமை தீரவில்லை. உன் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல். அடுப்படியில் கொடி கட்ட வேண்டியவர் அவர். துவைக்கவும் வேண்டும்.

துவைக்கிற முறை இது. முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்கணும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கசக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, மடிப்பில்லாமல் ஒற்றையாக விரித்துப் போட வேண்டும். தொட்டால் ஜில்லென்று இருந்தால் காயவில்லை என்று அர்த்தம். இஸ்திரிப் பெட்டி இருந்தால் இரண்டு பக்கமும் சூடாகத் தேய்த்துக்கொள்ளலாம். ஆடி மழையில் இவ்வளவும் நடக்காது என்றால் துணியையே விட்டுவிட்டு நாப்கின் வாங்கச் சொல். 2012-ல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாய்மாருக்கும் நாப்கின் இலவசம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேள். 42 நாள் வரை உன்னைக் கவனிப்பது அவருடைய வேலை, கேட்கக் கூசாதே.

டெட்டால் விட்டு உள்ளே கழுவாதே. வெதுவெதுப்பான தண்ணீரால் வெளியே மட்டும், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும்.

தெர்மாமீட்டர் வைத்துப் பார். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் காலை வரை தள்ளாதே. மலைக்குளிரில் வரும் நடுக்கம் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள், காய்ச்சல் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு முன்னால் பாராசிட்டமால் போட்டால் அளவு தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால், எலுமிச்சம்பழ அளவுக்கு ரத்தக்கட்டி விழுந்தால், அடிவயிறு தொட முடியாமல் வலித்தால், தலை சுற்றி நெஞ்சு படபடத்தால், 108-ஐக் கூப்பிடு. எஸ்டேட் பாதைக்கு வண்டி வந்து சேர நேரமாகும், அதனால் முதல் அறிகுறியிலேயே கூப்பிடு.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாற்றம் ஒன்றே போதும். பந்தலூரிலோ கூடலூரிலோ அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. வயிற்றை அமுக்கி கருப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். பால் கொடுக்கிறேன் என்று நீயே முதலில் சொல். பால் கொடுப்பவள் சாப்பிடக்கூடிய கிருமிக்கொல்லி மருந்துகள் இருக்கின்றன, மருந்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதே. நாற்றம் போய்விட்டது என்று பாதியில் மாத்திரையையும் நிறுத்தாதே.

குழந்தையையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்: பிரசவமான தேதி, சிவப்பு திரும்பிய நாள், ஒரு நாளைக்கு எத்தனை துணி, காய்ச்சல் எவ்வளவு. பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை மறந்துவிடாதே, நஞ்சு முழுசாக வந்ததா என்பது அதில் எழுதியிருக்கலாம்.