முதலில் நிலம் என்ன வகை என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் ஐம்பது ஓட்டு வீடுகள். ஒரு தொண்டு நிறுவனம் 'தெருவையே மாற்றித் தருகிறோம்' என்று ஆதார் நகலும் வீட்டுக்கு 2,000 ரூபாயும் கேட்கிறது. தரலாமா?
– வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பதில்: பணம் தராதீர்கள். நகலும் இப்போதைக்கு வேண்டாம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சொந்த மனையில் தானே கட்டுபவருக்கு மானியம் அவரவர் வங்கிக் கணக்குக்கே வரும். மத்திய அரசின் பங்கு மட்டும் 1.5 லட்சம். அதற்கு நடுவில் ஆள் எதற்கு?

தொண்டு நிறுவனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது செய்ய வேண்டிய வேலை வேறு. முதலில் நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் தெரு என்ன வகை என்று பார்த்துச் சொல்லட்டும். நத்தம், அதாவது குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம் என்றால் பட்டாவுக்கு வழி உண்டு. ஏரி, ஓடை, வாய்க்கால் என்றிருந்தால் இல்லை. இருபது வருடம் வீட்டு வரி கட்டிய ரசீதும் பட்டா ஆகாது. பட்டா இல்லாமல் மானியமும் இல்லை.

அடுத்தது கணக்கெடுப்பு. வாசலில் சாக்பீஸால் எண் போட்டு, டேப் பிடித்து அளக்க வேண்டும். ஒரே கதவுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். அப்பா பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் கல்யாணமான மகன் விடுபட்டுப் போவார். வாடகைக்கு இருப்பவர்களை எழுதாததைக் கணக்கெடுப்பு என்றே நான் ஏற்கமாட்டேன். தெரு புதிதானதும் வாடகை ஏறும், முதலில் மூட்டை கட்டுவது அவர்கள்தான். எழுதியதைத் தெருவில் எல்லோர் முன்னாலும் வாசித்து, திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கட்டத் தொடங்கலாம் என்ற வேலை உத்தரவு கைக்கு வராமல் பழைய வீட்டை இடிக்காதீர்கள். புதிய வீடு 30 முதல் 45 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 320 முதல் 485 சதுர அடி. ஆசைப்பட்டு அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டால் கைக்காசு அங்கேயே தீர்ந்து, சுவர் லிண்டலோடு, அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டத்தோடு நிற்கும். அந்தந்தக் கட்டம் முடிந்து, அதன் புகைப்படம் திட்டத்தின் இணையப் பதிவில் ஏறினால்தான் மானியத்தின் அடுத்த தவணை.

வந்தவர்களிடம் பதிவு எண்ணும் போன வருடத்துத் தணிக்கைக் கணக்கும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, நில வகை கேட்டு நீங்களே மனுக் கொடுங்கள். அதற்கு 2,000 ரூபாய் தேவையில்லை.